வாயிலில் நிற்கும் பெட்டி

மலேசியாவில் எந்த வீடமைப்புப் பகுதிக்குச் சென்றாலும் வரிசை வீடுகள் ஒரே அச்சில் வார்த்தவை போலக் காணப்படும். கூரையின் நிறம் ஒன்று. சன்னலின் அளவு ஒன்று. வாசலின் அகலமும் ஒன்று. ஆனால், வாயிற்கதவுகளில் இருக்கும் அஞ்சல் பெட்டிகள் மட்டும் ஒன்றைப் போல் மற்றொன்று இருப்பதில்லை. ஒரு வீட்டில் பளபளக்கும் எஃகுப் பெட்டி. அடுத்த வீட்டில் ஓடு வேய்ந்த குட்டி வீட்டைப் போன்ற மரப்பெட்டி. அதற்கடுத்த வீட்டில் மூடி கழன்று துருவேறிய தகரம். நான்காவது வீட்டில் பெட்டியே இல்லை. வாயிற்கம்பிகளுக்கு இடையில் செருகப்பட்ட கடிதம் மழையில் நனைந்து தரையில் ஒட்டிக் கிடக்கிறது.

அஞ்சல் பெட்டி என்பது பேசத்தக்க பொருளா என்று சிலர் கேட்கலாம். வீட்டுக்கு வண்ணம் பூசுபவர்கள் அதைத் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள். விழாக்காலத் துப்புரவிலும் அதற்கு இடமில்லை. எனினும், வீட்டில் உள்ள பொருள்களுள் வெளியாள் ஒருவர் நாள்தோறும் கைவைத்துப் பயன்படுத்துவதற்கென்றே அமைந்தது அது ஒன்றுதான். ஆகவே, ஓர் அஞ்சல் பெட்டி நல்லதா, கெட்டதா என்பதை அதன் அழகை வைத்து முடிவு செய்வது தவறு. கடிதம் கொண்டு வருபவருக்கு அது எப்படி உதவுகிறது என்பதே சரியான அளவுகோல். விந்தையான பெட்டியும் இந்த அளவுகோலில் தேறலாம். அழகற்ற பெட்டியும் தேறலாம். பேணப்படாத பெட்டி மட்டும் ஒருநாளும் தேறாது.

சொந்தமாக ஓர் அஞ்சல் பெட்டி வைத்திருப்பது எளிய உரிமை என்று இன்று தோன்றுகிறது. மலேசியத் தமிழர்களின் வரலாற்றில் அது எளிதாகக் கிடைக்கவில்லை. ரப்பர்த் தோட்டங்களில் லயத்து வீடுகளில் வாழ்ந்த குடும்பங்களுக்குக் கடிதங்கள் தோட்ட அலுவலகத்தின் முகவரிக்கே வந்தன. பெறுநரின் பெயருக்குக் கீழே தோட்டத்தின் பெயர் இருக்கும். அலுவலகத்தில் கிராணி அதைப் பிரித்து வைப்பார். வேலை முடிந்து வருபவர்கள் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த வான்கடிதமும் பிள்ளையின் தேர்வு பற்றிய கடிதமும் பிறர் கைப்பட்ட பின்னரே உரியவரின் கைக்கு வந்தன. பின்னாளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது பல குடும்பங்கள் நகர்ப்புறத்துத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தன. வீட்டு எண்ணும் சாலைப் பெயரும் ஐந்து இலக்க அஞ்சல் குறியீடும் கொண்ட முகவரி அவர்களுக்கு அங்கேதான் கிடைத்தது. வாயிலில் மாட்டிய பெட்டி அந்த முகவரியின் அடையாளம். பாட்டனார் காலத்தில் கிட்டாத ஒன்று இன்று துருப்பிடித்துத் தொங்குகிறது என்றால், அதைச் சிறிய செய்தியாகத் தள்ளிவிட இயலாது.

அஞ்சல் பெட்டியின் வரலாற்றில் அமெரிக்காவின் அனுபவம் பெரிய பாடம். அந்நாட்டின் நாட்டுப்புற வேளாண் குடும்பங்களுக்கு 1896ஆம் ஆண்டுக்கு முன்பு வீடு தேடிக் கடிதம் வந்ததில்லை. நகரத்திற்கு வண்டி கட்டிச் சென்றுதான் பெற்றுவர வேண்டும். அவ்வாண்டில் நாட்டுப்புற இலவச விநியோகச் சேவை தொடங்கியது. உடனே மக்கள் கையில் கிடைத்தவற்றையெல்லாம் சாலையோரத்தில் வைத்தார்கள். கொழுப்பு நிரப்பி வந்த வாளி, பாகு அடைத்த தகரம், சவர்க்காரப் பெட்டி எனப் பலவும் அஞ்சல் பெட்டிகளாயின. மழை பெய்தால் கடிதம் நனைந்தது. வாளியின் அடியில் மிச்சமிருந்த பிசுக்கு உறையில் ஒட்டியது. நாளொன்றுக்குப் பல மைல் செல்லும் விநியோகிப்பாளர் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு விதமான பாத்திரத்தோடு போராட வேண்டியிருந்தது.

இதற்குத் தீர்வாக, அஞ்சல் துறையின் பொறியாளரான ரோய் ஜோரொல்மன் 1915ஆம் ஆண்டில் ஒரு பெட்டியை வடிவமைத்தார். மேற்புறம் வளைவாக இருந்ததால் மழைநீர் வழிந்தோடியது. முன்கதவை ஒரு கையால் திறக்கலாம். பக்கத்தில் ஒரு சிறு கொடி இருந்தது. அனுப்ப வேண்டிய கடிதம் உள்ளே இருந்தால் வீட்டுக்காரர் அக்கொடியை உயர்த்தி வைப்பார். அமெரிக்கத் திரைப்படங்களில் இன்றும் காணப்படும் வளைவுக் கூரைப் பெட்டி இதுவே. அதை அழகுப் பொருள் என்று சொல்வது கடினம். ரொட்டியை நிமிர்த்தி வைத்தது போலத்தான் இருக்கும். ஆயினும், நூறு ஆண்டுகளுக்கு மேலாக அது நிலைத்து நிற்கிறது. கடிதத்தையும் அதைக் கொண்டு வருபவரையும் மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டதே அதற்குக் காரணம்.

அந்நாட்டு நகரங்களில் இன்னொரு சிக்கல் இருந்தது. அஞ்சல்காரர் ஒவ்வொரு வீட்டின் கதவையும் தட்டி, யாராவது வந்து வாங்கும்வரை காத்து நின்றார். இவ்வாறு காத்திருப்பதிலேயே ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரத்திற்கு மேல் வீணாகிறது என்று கணக்கிடப்பட்டது. எனவே, 1923ஆம் ஆண்டு முதல் கடிதம் பெற விரும்பும் ஒவ்வொரு வீட்டிலும் பெட்டியோ கதவில் துளையோ இருக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. அஞ்சல் பெட்டி முதலில் உழைப்பாளி ஒருவரின் நேரத்தைக் காப்பதற்காகவே கட்டாயமாக்கப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது.

அப்படியானால், விந்தையான பெட்டிகளுக்கு இடமே இல்லையா? இருக்கிறது. அதே அமெரிக்காவில் மீன் வடிவப் பெட்டி, பசு வடிவப் பெட்டி, உழவு இயந்திர வடிவப் பெட்டி, கலங்கரை விளக்க வடிவப் பெட்டி ஆகியவற்றை வீட்டு வாயில்களில் காணலாம். இலினோய் மாநிலத்தில் உள்ள கேசி என்னும் சிற்றூரில் ஆள் ஏறி உள்ளே நிற்கக்கூடிய மாபெரும் அஞ்சல் பெட்டி ஒன்று இருக்கிறது. அதைக் காண்பதற்கென்றே மக்கள் அவ்வூருக்குச் செல்கிறார்கள். சொந்தமாகப் பெட்டி செய்வதை அந்நாட்டு அஞ்சல் துறை தடுக்கவில்லை. ஆனால், ஒரு நிபந்தனை உண்டு. சாலையோரப் பெட்டி தரையிலிருந்து ஏறத்தாழ 104 முதல் 114 சென்டிமீட்டர் உயரத்தில், சாலை விளிம்பிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அப்போதுதான் விநியோகிப்பாளர் வண்டியில் அமர்ந்தபடியே கையை நீட்டிக் கடிதத்தை வைக்க முடியும். மீனின் வாய் எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். கடிதம் நுழையும் அளவிலும் கை எட்டும் உயரத்திலும் இருந்தால் போதும். கற்பனைக்கும் கடமைக்கும் இடையே இதைவிட நியாயமான ஒப்பந்தம் இருக்க முடியாது.

மலேசிய வீடுகளிலும் இத்தகைய கற்பனை உண்டு. ஓட்டுக் கூரையும் சிறு சன்னலும் கொண்ட மரப்பெட்டிகளைப் பல இடங்களில் காணலாம். சிலர் பழைய எண்ணெய்த் தகரத்தை வெட்டி வண்ணம் பூசி மாட்டுகிறார்கள். சிலர் தடித்த பிளாஸ்டிக் குழாயை ஒருபுறம் அடைத்துப் பயன்படுத்துகிறார்கள். காசு செலவழிக்காமல் கைத்திறனால் செய்த இத்தகைய பெட்டிகள் பாராட்டுக்குரியவை. ஆனால், அழகுக்காகவே செய்யப்பட்ட சில பெட்டிகளின் துளை ஒரு விரல் நுழையும் அளவிலேயே இருக்கிறது. பெரிய உறை வந்தால் மடித்துத் திணிக்க வேண்டும். உள்ளே இருக்கும் சான்றிதழும் சேர்ந்து மடங்கும். இன்னும் சில பெட்டிகள் வாயிற்கதவின் உட்புறம் பொருத்தப்பட்டிருக்கின்றன. கம்பிகளுக்கு இடையே கையை நுழைத்தால்தான் அவற்றை எட்ட முடியும். உள்ளே அவிழ்த்துவிடப்பட்ட நாய் இருந்தால் அந்தக் கையின் நிலை என்ன? பெட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் அங்கே அது பொறியாக மாறிவிடுகிறது.

அழகற்ற பெட்டிகளைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. அழகற்றதும் பேணப்படாததும் ஒன்று என்று பலர் கருதுகிறார்கள். இவ்விரண்டிற்கும் வேறுபாடு பெரிது. சாம்பல் நிறத் தகரப் பெட்டி ஒன்று, அலங்காரம் எதுவுமின்றிக் கம்பியால் கட்டப்பட்டிருக்கலாம். ஆனால், அதன் மூடி சரியாக மூடுகிறது. அடியில் தண்ணீர் வடிவதற்குச் சிறு துளை இருக்கிறது. வீட்டு எண் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. அதனருகில் விலையுயர்ந்த எஃகுப் பெட்டி ஒன்று, பூட்டு உடைந்து, விளம்பரத் தாள்கள் பிதுங்கி நிற்கலாம். இவற்றுள் எது நல்ல பெட்டி என்று அஞ்சல்காரரைக் கேட்டால் அவர் தயங்காமல் விடை சொல்வார். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்னும் பழமொழி உடைக்கு மட்டும் உரியதன்று. வசதி குறைவது குற்றமில்லை. கவனம் குறைவதே குற்றம்.

பேணப்படாத பெட்டியால் விளையும் தீங்குகள் பல. முதலாவது, அஞ்சல்காரருக்கு ஏற்படும் காயம். மோட்டார் சைக்கிளில் வெயிலிலும் மழையிலும் வருகின்ற அவர், ஒரு நாளில் எத்தனையோ வாயில்களில் நிற்கிறார். துருவேறிய விளிம்பு விரலைக் கிழிக்கிறது; பெட்டிக்குள் கூடு கட்டிய குளவி கொட்டுகிறது. பிரிட்டனில் கதவின் அடிப்பகுதியில் கடிதத் துளைகள் அமைக்கப்படுவதால் அஞ்சல் ஊழியர்கள் மீண்டும் மீண்டும் குனிந்து முதுகு வலிக்கு ஆளாகிறார்கள். அவர்களுடைய தொழிற்சங்கம் இதைப் பற்றித் தொடர்ந்து குரல் கொடுத்தது. 2019ஆம் ஆண்டில் நாடாளுமன்றத்திலும் இதற்கென ஒரு மசோதா முன்வைக்கப்பட்டது. ஒரு வீட்டுக்காரருக்கு அது ஒரே ஒரு துளை. அஞ்சல்காரருக்கோ அது நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான முறை குனிவது.

இரண்டாவது, கடிதம் தவறிப்போவது. சில வீடமைப்புப் பகுதிகளில் 4 என்னும் எண்ணைத் தவிர்த்து 3ஏ என்று எழுதும் வழக்கம் இருக்கிறது. வேறு சில இடங்களில் ஒற்றை எண்கள் ஒருபுறமும் இரட்டை எண்கள் மறுபுறமும் இருக்கும். இந்நிலையில், எண்ணே அழிந்துபோன பெட்டியைக் கண்டு அஞ்சல்காரர் எப்படி முடிவு செய்வார்? பழகிய ஊழியர் நினைவில் வைத்திருப்பார். அவர் விடுப்பில் சென்ற நாளில் வரும் மாற்று ஊழியருக்கு அந்த எண்தான் வழிகாட்டி.

மூன்றாவது, உடல்நலமும் பாதுகாப்பும். மூடி இல்லாத பெட்டியின் அடியில் மழைநீர் தேங்கினால் அதுவே ஏடிஸ் கொசுவுக்குப் போதுமான இடம். சிறிதளவு தேங்கிய நீரில் இடப்பட்ட முட்டை, ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள்களுக்குள் பறக்கும் கொசுவாகிவிடுகிறது. பூச்சாடியையும் வாளியையும் கவிழ்த்து வைப்பவர்கள் வாயிலில் தொங்கும் பெட்டியை எட்டிப் பார்ப்பதில்லை. மேலும், பல நாள் எடுக்கப்படாத தாள்கள் பிதுங்கும் பெட்டி, வீட்டில் ஆள் இல்லை என்பதைத் திருடனுக்கு அறிவிக்கும் பலகையாகிறது. பெயரும் முகவரியும் கணக்கு எண்ணும் கொண்ட வங்கிக் கடிதம் பூட்டில்லாத பெட்டியில் கிடப்பதும் ஆபத்தானது.

இந்தக் கருத்தை மறுப்பவர்கள் இரண்டு வாதங்களை முன்வைக்கிறார்கள். “இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள்? எல்லாம் கைப்பேசியில் வந்துவிடுகிறதே!” என்பது முதல் வாதம். இதில் உண்மை இருக்கிறது. டென்மார்க்கில் 1624ஆம் ஆண்டில் தொடங்கிய அரசு அஞ்சல் சேவை, 2025ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாளோடு கடித விநியோகத்தை நிறுத்திக்கொண்டது. 2000ஆம் ஆண்டிலிருந்து அந்நாட்டில் கடிதங்களின் எண்ணிக்கை 90 விழுக்காட்டிற்கும் மேல் குறைந்துவிட்டது. ஆனால், அங்கும் கடிதம் முற்றாக ஒழிந்துவிடவில்லை. தனியார் நிறுவனம் ஒன்று அப்பணியைத் தொடர்கிறது.

உண்மையில், கடிதங்கள் குறையக் குறைய, வருகின்ற ஒவ்வொரு கடிதத்தின் முக்கியத்துவமும் கூடுகிறது. நலம் விசாரிக்கும் கடிதம் தவறினால் அடுத்த வாரம் இன்னொன்று வரும். ஊராட்சி மன்றத்தின் மதிப்பீட்டு வரி அறிவிப்பு, நீதிமன்ற அழைப்பாணை, வங்கியின் எச்சரிக்கைக் கடிதம், மருத்துவமனையின் கடிதம் ஆகியவை அப்படிப்பட்டவை அல்ல. நீர்மானியைப் பார்வையிட வருபவர் அங்கேயே அச்சிடும் கட்டணச் சீட்டும் பெரும்பாலும் இந்தப் பெட்டிக்குள்தான் வந்து விழுகிறது. அந்த மெல்லிய தாள் நனைந்தாலும் வெயிலில் காய்ந்தாலும் எழுத்து மங்கிவிடும். கைப்பேசியில் எல்லாவற்றையும் பார்க்கத் தெரியாத தாத்தாவும் பாட்டியும் இருக்கும் வீட்டில், வெளியுலகம் அவர்களை எட்டும் வழி அந்தப் பெட்டிதான். எதுவும் வராது என்று நம்பி மாதக்கணக்கில் திறக்காமல் விடுவதால்தான் இன்று கடிதங்கள் கெடுகின்றன.

“என் வீடு, என் பெட்டி, அதை எப்படி வைத்திருந்தால் பிறருக்கு என்ன?” என்பது இரண்டாவது வாதம். இதற்கும் அமெரிக்கச் சட்டத்தில் சுவையான விடை இருக்கிறது. அங்கே பெட்டியை வாங்குபவரும் நடுபவரும் வீட்டுக்காரர்தான். ஆயினும், அஞ்சல் கட்டணம் செலுத்தப்படாத தாள்களை அதில் போடக்கூடாது என்று 1934ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. இச்சட்டத்தை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கில், அது செல்லும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1981ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. மலேசியா அதே விதியைப் பின்பற்ற வேண்டும் என்பதில்லை. ஆனால், அதன் அடிப்படை எண்ணம் எங்கும் பொருந்தும். அஞ்சல் பெட்டி வீட்டுக்காரரின் உடைமை. அதே வேளையில், நாட்டின் அஞ்சல் சேவை முடிவடையும் கடைசி இடமும் அதுவே. எங்கோ எழுதப்பட்டு, பல ஊழியர்களின் கைகளைக் கடந்து, பத்திரமாக வந்த கடிதம் கடைசி அரையடி தூரத்தில் கெட்டுப்போனால், அத்தனை பேரின் உழைப்பும் வீணாகிறது.

சிங்கப்பூரின் அடுக்குமாடி வீடுகளில் இச்சிக்கல் வேறு உருவம் கொள்கிறது. அங்கே புளோக்கின் கீழ்த்தளத்தில் எல்லா வீடுகளின் பெட்டிகளும் வரிசையாக, ஒரே வடிவில் அமைந்திருக்கின்றன. 1995ஆம் ஆண்டில் அறிமுகமான ஆறு இலக்க அஞ்சல் குறியீடு அந்தப் புளோக்கையே நேராகச் சுட்டிவிடும். விந்தையான பெட்டிக்கும் அழகற்ற பெட்டிக்கும் அங்கே இடமில்லை. ஆனால், பேணும் கடமை மட்டும் நீங்கவில்லை. சாவியை எங்கோ வைத்துவிட்டு வாரக்கணக்கில் திறக்காத பெட்டி, புதிய கடிதத்திற்கு இடமின்றி நிரம்பி வழிகிறது. ஒழுங்கான வடிவத்தைப் பிறர் அமைத்துத் தரலாம்; அக்கறையை அவரவர்தான் கொண்டுவர வேண்டும்.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. அமெரிக்க அஞ்சல் துறை ஆண்டுதோறும் மே மாதத்தின் மூன்றாவது முழு வாரத்தை அஞ்சல் பெட்டிச் சீரமைப்பு வாரமாகக் கடைப்பிடிக்கிறது. பனிக்காலத்தில் பழுதடைந்த பெட்டிகளை மக்கள் அவ்வாரத்தில் சரிசெய்கிறார்கள். மலேசியாவில் பனிக்காலம் இல்லை, பருவமழை இருக்கிறது. பள்ளி விடுமுறையில் ஒரு காலைப்பொழுதை இதற்கென ஒதுக்கினால் போதும். பெட்டியைத் துடைத்து, துருவைத் தேய்த்து, வண்ணம் பூசலாம். மூடி சரியாக மூடுகிறதா என்றும் அடியில் நீர் தேங்குகிறதா என்றும் பார்க்கலாம். வீட்டு எண்ணைத் தூரத்திலிருந்தே தெரியும்படி பெரிதாக எழுதலாம். பெட்டி வாயிற்கதவுக்கு வெளியே, நிற்பவரின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறதா என்று உறுதிசெய்யலாம். நாயைக் கட்டி வைக்கலாம். இவை அனைத்தும் இடைநிலைப்பள்ளி மாணவர் ஒருவர் தம் கையாலேயே செய்யக்கூடிய பணிகள். மீன் வடிவத்திலோ வீணை வடிவத்திலோ புதிய பெட்டியைச் செய்து பார்க்கும் ஆர்வம் இருந்தால், அதுவும் வரவேற்கத்தக்கதே. துளையின் அளவை மட்டும் மறந்துவிடக் கூடாது.

ஒரு வீட்டின் விருந்தோம்பல் உள்ளே போடப்படும் நாற்காலியில் தொடங்குகிறது என்பர். பெரும்பாலான அஞ்சல்காரர்கள் அந்த நாற்காலியில் அமர்வதே இல்லை. வாயிலோடு வந்து வாயிலோடு திரும்பிவிடுகிறார்கள். அவர்களுக்கு அந்த வீடு காட்டும் முகம் அஞ்சல் பெட்டிதான். அந்த முகம் அழகாக இல்லாமல் போகலாம். கைநீட்டுபவரின் விரலைக் கிழிக்காமலாவது இருக்க வேண்டும்.